ஹேசன் ஏரி: வட்டியும் முதலும்



நீர் பெருகினால் வளம் பெருகும் என்பது மழைநாட்டில் வளரும் நம் பிள்ளைகளின் மனத்தில் ஊறிப்போன எண்ணம். ஆகவேதான், துருவப் பனி உருகுவதைப் பற்றிப் பேசும்போது, "ஏரியில் தண்ணீர் கூடினால் மீனுக்கு நல்லதுதானே, ஐயா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல நான் எடுத்துக்கொள்வது ஹேசன் ஏரியை.

கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில், ஏறத்தாழ 82 பாகை வட அட்சத்தில் அமைந்துள்ளது இந்த நன்னீர் ஏரி. பரப்பு சுமார் 540 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. மிகுந்த ஆழம் 267 மீட்டர். நம் இரட்டைக் கோபுரத்தை அதில் இறக்கினால் பாதிக்கு மேல் மூழ்கிவிடும். குளிர்காலத்தில் நான்கு மாதங்களுக்கும் மேலாகச் சூரியன் தலைகாட்டாது. ஏரியின் மேல் சுமார் 2 மீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி மூடியிருக்கும். முற்காலத்தில் சில கோடைகளில் அம்மூடி முழுவதும் விலகாமலேயே அடுத்த குளிர்காலம் வந்துவிடும்.

வியப்பு என்னவென்றால், அப்பகுதி மழையும் பனியும் மிகக் குறைந்த துருவப் பாலைவனம். பின் இவ்வளவு நீர் எப்படி வந்தது? வடக்கே மலைகளிலிருந்து இறங்கும் கில்மன் முதலிய பனியாறுகள் கோடையில் உருகி ஏரியை நிரப்புகின்றன. மிஞ்சும் நீர் ரகிள்ஸ் ஆற்றின் வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. ஏரியில் வாழும் ஒரே மீனினம் ஆர்க்டிக் சார்.

இங்கே மாணவர்களுக்கு ஒரு குடும்பக் கணக்கைச் சொல்வேன். பனியாறு என்பது முதல். பெய்யும் பனிக்கு ஈடாகக் கோடையில் உருகுவது வட்டி. வட்டியை மட்டும் செலவழிக்கும் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழும். முதலில் கைவைத்தால் சில ஆண்டுகள் வீடு செழிப்பாகத்தான் தெரியும். பிறகு?

2018-ஆம் ஆண்டு 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இந்த ஏரியின் கணக்கைத் தெளிவாகக் காட்டியது. கோடை வெப்பம் சுமார் 1 பாகை செல்சியஸ் உயர்ந்ததில் பனியாறுகள் தேயத் தொடங்கின. ஏரிக்கு வரும் உருகுநீர் பெருகியது. அந்நீரோடு வண்டலும், முன்பு உறைந்து கிடந்த மாசுகளும் சேர்ந்து வந்தன. பனிக்கட்டி மூடியும் குறைந்தது. ஏரியின் நுண்பாசிகளின் வகைகள் மாறின. ஆர்க்டிக் சார் மீன்களின் உடல்நலமும் குன்றியது. ஒரே ஒரு பாகைதான். மதியவெயிலில் நடக்கும் நமக்கு அது உறைப்பதே இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு பிள்ளையுடன் அமர்ந்து, உலக வரைபடத்தில் எல்ஸ்மியர் தீவைத் தேடுங்கள். கண்டதும், "இந்த ஏரியில் ஏன் தண்ணீர் கூடுகிறது?" என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். பிள்ளை தானே யோசிக்கட்டும்.