அணிக்கோர் அணி

போருக்குச் செல்லும் வீரன் பூச்சூடிச் செல்வது பண்டைத் தமிழர் வழக்கம். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. களத்திலே இவர் இன்னார் படையினர் என்று அறியவே இப்பூக்களைச் சூடினர் என்கிறது தொல்காப்பியம். இன்று மாணவர்க்குப் போர்க்களம் விளையாட்டுத் திடலே. பூவின் இடத்தை நிறமும் சின்னமும் பெற்றுள்ளன.

1836-ஆம் ஆண்டுப் படகுப் போட்டியில் கேம்பிரிட்ஜ் மாணவர் தம் படகின் முகப்பில் வெளிர்நீல நாடா ஒன்றைக் கட்டினர். அதுவே பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் நிறமாயிற்று. அமெரிக்காவிலே 'ராம்ஸ்' என்றோர் அணி உண்டு. ராம் என்றால் செம்மறிக்கடா. ஓவியம் பயின்ற பிரெட் கெர்க்கி என்னும் அவ்வணி ஆட்டக்காரர் 1948-இல் 75 தோல் தலைக்கவசங்களில் கடாவின் வளைந்த கொம்புகளைத் தம் கையாலேயே தீட்டினார். கவசம் ஒன்றுக்குக் கூலி ஒரு டாலர்!

இக்கதையை டில்லியில் எங்கள் கிரிக்கெட் நண்பர்களிடம் சொன்னேன். "நமக்கும் கொம்பு வேண்டும்" என்று எல்லோரும் எழுந்துவிட்டனர். இந்நகரில் தென்னாட்டார் அனைவரையும் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார் பலர். நமக்கென்று ஓர் அடையாளம் வேண்டாமா என்பது அவர்கள் ஏக்கம். மதுரை நண்பர் மீன் என்றார். தஞ்சை நண்பர் கோபுரம் என்றார். குமரி நண்பர் அலை என்றார். கடைசியில் காங்கேயம் காளையின் கொம்பு வென்றது.

மறுநாளே ஒருவர் வண்ணக்குப்பியும் தின்னரும் வாங்கி வந்துவிட்டார். வேதியியல் படிக்கும் நான் குறுக்கே நின்றேன். கெர்க்கி தீட்டியது தோலின்மேல். எங்கள் கவசங்களோ ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. வண்ணத்தைக் கரைக்கும் நீர்மம் அந்தப் பிளாஸ்டிக்கையும் இளக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகளை உண்டாக்கும். உடைந்து எறியப்பட்ட பழைய கவசத்தின் துண்டொன்றில் சில துளி தின்னர் விட்டுக் காட்டினேன். பளபளப்பு மறைந்தது, தொட்டால் பிசுபிசுத்தது. 155 கிராமுக்கு மேற்பட்ட பந்து விரைந்து வந்து மோதுவது அந்த ஓட்டின்மேல். உள்ளே இருப்பதோ நண்பனின் தலை! அதற்குமேல் யாரும் வாதிடவில்லை.

ஓட்டைத் தொடாமல் அழகு செய்யும் வழி என்ன? துணியுறைதான். பசையிலும் கரைப்பான் இருக்கக்கூடும்; ஆகவே ஒட்டாமல், விளிம்பில் எலாஸ்டிக் வைத்துத் தைப்பது என்று முடிவாயிற்று. காகிதத்தில் வார்ப்புரு வெட்டினோம். வியர்வையில் சாயம் போகுமா என்றறியத் துணியை உப்புநீரில் நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தோம். மூன்று துணிகள் தோற்றன, நான்காவது தேறியது. பிறகு மீரத்துக்குச் சென்றோம். டில்லியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவு. 1947 பிரிவினையில் சியால்கோட்டை விட்டு வந்த விளையாட்டுக் கருவித் தொழிலாளர் பலர் வேரூன்றிய ஊர் அது. மண்ணை இழந்தும் கைத்தொழிலை இழக்காதவர்கள் அவர்கள். அங்கே ஒரு சிறு பட்டறையில் கருஞ்சிவப்பு உறைகளின் இருபுறமும் வெண்கொம்புகள் ஏறின.

அணி என்றால் தமிழில் படைவகுப்பு. அணி என்றால் நகையும்கூட. முன்னதைக் காப்பதாக இருக்கும்வரைதான் பின்னதற்கு அழகு. நண்பர்களே, உங்கள் அணிக்கும் ஒரு சின்னம் செய்யுங்கள். கடையில் வாங்காமல் கூடியிருந்து செய்யுங்கள். ஆனால் வண்ணத்தைத் திறக்குமுன் அதன் அடியில் இருக்கும் தலையை ஒருமுறை நினையுங்கள்.