ஜவ்வரிசிக்காரரும் அப்பாயியின் கோழியும்

மழைக்கு முந்தின காற்றில் அத்தாப்புக் கூரை ஒரு வாசம் விடும். வெயிலில் காய்ந்து, அடுப்புப் புகையில் கறுத்து, நேற்றைய மழையைக் கொஞ்சம் உள்ளே வைத்திருக்கும் ஓலையின் வாசம். அது மூக்கில் பட்டதும் அம்மா காலி மைலோ டின்களைத் தேட ஆரம்பித்துவிடுவாள். ஒழுகும் இடமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அரிசித் தகரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, அப்பாயியின் தலைமாட்டில் ஒன்று, அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் இடம் மாற்றி ஒழுகுகிற போக்கிரி ஒன்று. அதற்கு மட்டும் பெரிய மங்குச் சட்டி. எந்த டின் முதலில் நிறையும் என்று நானும் தம்பியும் பந்தயம் கட்டிக்கொண்டே தூங்கிப்போவோம். சிங்கப்பூரில் கம்பம் என்ற கிராமத்து வாழ்க்கையை இன்று பலரும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். பேசட்டும், எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் பொதுக்குழாயில் விடியுமுன்னே வாளியோடு வரிசை நின்றவள் என் அம்மா. இருட்டில் கழிப்பிடத்துக்குப் போகப் பயந்து கோழி கூவும்வரை அடக்கிக்கொண்டு கிடந்தவள் நான். அதை நினைத்தால் ஏக்கம் கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

எங்கள் கம்பம் புக்கிட் மேரா பக்கத்துச் சரிவில் இருந்தது. அப்பாவுக்கு ஹார்பர் போர்டில் மூட்டை வேலை. அவர் வீடு திரும்பும்போது அன்றைக்கு எந்தச் சரக்கு இறங்கியது என்று சட்டையே சொல்லிவிடும்: ஒரு நாள் மிளகு, ஒரு நாள் கொப்பரை, ரப்பர் என்றால் அம்மா முகத்தைச் சுளிப்பாள். குளித்துவிட்டு, கோப்பிக் கடைக்குப் போய் தேத்தண்ணியை முன்னால் வைத்துக்கொண்டு, எழுத்துத் தெரியாத கூட்டாளிகளுக்குத் 'தமிழ் முரசு' படித்துக் காட்டுவார். கூடப் போனால் எனக்கு ஒரு பிஸ்கட் கிடைக்கும் என்பதால் நானும் ஒட்டிக்கொள்வேன். லிம் கிம் சான் என்ற பேர் என் காதில் முதலில் விழுந்தது அங்கேதான். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைக்கிற மும்முரத்தில், அது ஏதோ புது மளிகைக்கடைக்காரரின் பேர் என்று எடுத்துக்கொண்டேன்.

பேருக்குப் பின்னால் ஒரு மனுஷர் இருக்கிறார் என்று புரிந்தது தீக்குப் பிறகு. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள், பள்ளிக்கூடம் விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த நேரத்தில் புக்கிட் ஹோ சுவீ பக்கம் புகை எழுந்தது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கம்பத்தில் யாராவது எதையாவது கொளுத்திக்கொண்டேதான் இருப்பார்கள். பிறகு காற்று திரும்பியது. எங்கள் முற்றத்துக் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியில் கருஞ்சாம்பல் வந்து உட்கார்ந்தது. அப்பா ஏணி வைத்துக் கூரைமேல் ஏற, அம்மா வாளி வாளியாய்த் தண்ணீர் தூக்கிக் கொடுக்க, அப்பாயி மட்டும் தன் தகரப் பெட்டியையும் அடைக்கோழியையும் எடுத்துக்கொண்டு ரோட்டோரத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கம் தீ வரவில்லை. அங்கே நாலு பேர் இறந்தார்கள்; ஏறக்குறைய 16,000 பேருக்கு அன்று ராத்திரி வீடு இல்லை. பள்ளிக்கூடங்களைத் திறந்து அவர்களைப் படுக்கவைத்தார்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்போது ஒரு வயசுக் குழந்தை, 1960 பிப்ரவரியில்தான் தொடங்கியிருந்தார்கள். அதன் முதல் தலைவர்தான் இந்த லிம் கிம் சான். "ஆறு மாசம் அளப்பானுங்க, ஆறு மாசம் எழுதுவானுங்க" என்று கோப்பிக் கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, வெள்ளைக்காரன் காலத்தில் இந்த வேலையைப் பார்த்த டிரஸ்ட் முப்பத்திரண்டு வருஷத்தில் கட்டிய வீடுகளே சுமார் 23,000தான். ஆனால் ஓராண்டு திரும்புவதற்குள் தீயில் வீடிழந்தவர்கள் புது அடுக்குமாடிகளுக்குக் குடிபோகத் தொடங்கிவிட்டார்கள். கழகத்தின் முதல் ஐந்து வருஷத்தில் 50,000க்கு மேல் வீடுகள் எழுந்தன. கணக்கெடுப்பு முடியட்டும் என்று காத்திராமல், வீடு வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிகிறதே, கட்டு என்று இறங்கியவர் லிம் கிம் சான். அரசாங்கத்துக்கு வருமுன் வியாபாரி என்பதால் அந்த அவசரம் வந்ததோ என்னவோ. ஜவ்வரிசி மணி செய்ய ஒரு இயந்திரத்தைத் தாமே வடிவமைத்து, அதில் நன்றாகச் சம்பாதித்தவர்.

இந்த ஜவ்வரிசிச் சமாசாரம் எப்படியோ அம்மா காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவளுக்கு அரசியலில் ஒரு அக்கறையும் கிடையாது, சமையலில் உண்டு. "ஜவ்வரிசி செஞ்சவரா? அப்ப நம்பலாம்" என்றாள். என்ன தர்க்கம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வீட்டில் அன்றிலிருந்து அவர் ஜவ்வரிசிக்காரர்.

தீ நடந்த மறு வருஷம் எங்களுக்குத் தங்ளின் ஹால்ட்டில் வீடு வந்தது. லாரியில் சாமான் ஏறியது. சாமான் என்ன பெரிய சாமான், இரண்டு பெட்டி, அம்மி, பாய், முருகன் படம், மண்ணெண்ணெய் அடுப்பு. பத்து மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்த அப்பாயி "இதுல ஏறி எப்பிடிடா எறங்குறது?" என்று கேட்டாள். லிஃப்டில் ஏற மாட்டேன் என்று கடைசிவரை பிடிவாதம். அது எல்லா மாடியிலும் நிற்கவும் நிற்காது என்பதால் அவளுடைய பிடிவாதத்துக்குக் கொஞ்சம் நியாயமும் இருந்தது. உள்ளே சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த ஈர வாசம். சுவரில் ஒரு சுவிட்ச். தம்பி அதைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, அப்பாவிடம் அடி வாங்கியபின்தான் விட்டான். அம்மா குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. மூடினாள், திறந்தாள், கையை நீட்டியபடி கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். எனக்கோ, கதவைத் தாழிட்டுக்கொள்ளும்படி வீட்டுக்குள்ளேயே ஒரு கழிப்பறை. சங்கிலியை இழுத்தால் கொட்டுகிற அந்த இரைச்சலைக் கேட்பதற்காகவே தேவையில்லாமல் பலமுறை போனேன். ராத்திரியில் பக்கத்துத் தண்டவாளத்தில் மலாயா ரயில் போகும்போது மங்குத் தட்டுகள் லேசாக அதிரும். ரயில்வே ஊழியர்கள் வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரன் குவீன்ஸ்வேயில், தண்டவாளத்தை ஒட்டியே இருந்தார். வந்த முதல் வெள்ளிக்கிழமையே அப்பாயி அவரைப் போய்ப் பார்த்து, லிஃப்டைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டு வந்தாள்.

புகாரில் சொல்லாதது கோழி. மாடி வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. அது தெரிந்தே முந்தானைக்குள் மறைத்துப் படியேறிக் கொண்டுவந்து, சமையலறை மூலையில் சாக்கு போட்டு வைத்திருந்தாள். "வெளிய சொன்னீன்னா லிம் கிம் சான் வந்து வீட்டைப் புடுங்கிக்குவாரு, புள்ள" என்று என்னை மிரட்டியும் வைத்தாள். அதுவரை நல்லவராக இருந்த ஜவ்வரிசிக்காரர் அன்றிலிருந்து என் கனவில் படியேறி வர ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை போட்டு, கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் சீனர் யாரைப் பார்த்தாலும் அவர்தான். ஒரு நாள் அப்படி ஒருவர் எங்கள் அஞ்சடி நடைபாதையில் வீடு வீடாக நின்று ஏதோ குறித்துக்கொண்டே வந்தார். நான் வாசலை இரண்டு கையாலும் மறித்துக்கொண்டு, கேட்காத கேள்விக்கு, தெரிந்த மலாயில் "தாடா ஆயாம்!" என்றேன், கோழி இல்லை என்று. அதே சமயம் உள்ளேயிருந்து கோழி கொக்கரித்தது. அவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். சிரித்துவிட்டு, மீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த தீபாவளிக்குக் கோழி குழம்பாகியது. அப்பாயி அதைத் தொடவில்லை.

அப்பாயிக்கு அந்த வீடு ஒட்டவே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கீரைப் பாத்தி போச்சு, வாசலில் கோலம் போட மண் போச்சு, எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக்கோடு வேலியோரம் நின்று வெற்றிலை மாற்றிக்கொள்கிற பொழுது போச்சு. பன்றியும் காய்கறியும் வளர்த்துப் பிழைத்த சீனக் குடும்பங்களுக்கு வீட்டோடு பிழைப்பும் போனது. கம்பத்தைக் காலி செய்ய மாட்டேன் என்று நின்றவர்களும் இருந்தார்கள். முதலில் கட்டிய ஓரறை வீடுகளில் பெரிய குடும்பங்கள் நெருக்கித்தான் படுத்தன. அவசரத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அப்பாயி வயசுக்காரர்கள். ஆனாலும் அப்பா ஒரு நாளும் கம்பத்தை நினைத்து ஏங்கியதில்லை. காரணத்தை ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

லிம் கிம் சான் சைனாடவுன் தடுப்பறைகளைப் பார்க்கப் போனபோது நடந்ததாக அவரே சொன்ன ஒரு சம்பவத்தைப் படித்துவிட்டு, அப்பாவிடம் சொன்னேன். ஒரு இளைஞன் கழுத்துவரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தானாம். உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம். அதெல்லாம் இல்லை, கால்சட்டையை அண்ணன் போட்டுக்கொண்டு போயிருக்கிறான் என்றானாம். சிரிப்பார் என்று பார்த்தேன். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க கிட்டங்கியில நல்ல சட்டை ஒண்ணுதான். ஊருக்குப் பணம் அனுப்பப் போறவன் போட்டுக்குவான். மத்தவன் படுத்திருப்பான்." கல்யாணத்துக்கு முன் ஊர்க்காரர்களோடு அவர் தங்கிய இடம் அது. ஒரே பாயில் பகல் வேலைக்காரனும் ராவேலைக்காரனும் மாற்றி மாற்றிப் படுத்த கதையை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய் திறந்து சொன்னார். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போக, தேத்தண்ணி ஆறிப்போனது.

வீட்டு வாடகை அம்மாவின் இலாகா. அப்போது ஓரறை வீட்டுக்கு 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60. எங்களுடையது ஈரறை. நாற்பதை ஒரு பழைய பவுடர் டப்பாவில் சேர்ப்பாள், டப்பாவைக் குலுக்கிப் பார்த்தே எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடுவாள். கப்பல் குறைந்து அப்பாவுக்கு மிகைநேர வேலை கிடைக்காத மாதங்களில், வாடகை கட்டும் இடத்தில் நின்று பாதி மலாயிலும் மீதி தமிழிலும் இரண்டு நாள் தவணை கேட்டு வாதாடுவாள். நான் அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பேன். 1964இல் வீட்டைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் வந்தது, ஜவ்வரிசிக்காரர் அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர். 1968இல் சேமநிதிப் பணத்தையும் அதற்கு எடுக்கலாம் என்றானபிறகு, அப்பா மெதுவாகக் கணக்குப் போட ஆரம்பித்தார். நிதி, தற்காப்பு, கல்வி என்று இலாகா இலாகாவாக லிம் கிம் சான் மாறிக்கொண்டிருந்தாலும் எங்கள் வீட்டில் அவர் பேர் மாறவில்லை. 1979இல் அப்பா வேலை பார்த்த துறைமுகக் கழகத்துக்கே அவர் தலைவராக வந்தபோது அப்பா ஓய்வுபெறும் வயதில் இருந்தார். "வீட்டுக்கும் இவருதான் தவ்கே, வேலைக்கும் இவருதான் தவ்கே" என்று, முதலாளி என்ற அர்த்தத்தில், ஒரு மாதத்துக்கு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

2006 ஜூலையில் லிம் கிம் சான் காலமான செய்தி வந்தபோது அப்பா இல்லை. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். வயது 89, 1965இல் மகசேசே விருது, இன்ன இன்ன பதவி என்று வந்ததையெல்லாம் "ம்" போட்டுக்கொண்டே கேட்டவள், கழகத் தலைவராக முதல் மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் வேலை பார்த்தார் என்ற இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாம குடிவந்தப்பவுமா?"

ஆமாம் என்றேன். பாக்கை அடுத்த கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள். "அவரே சம்பளம் வாங்கலையாம். நான் பாரு, நாப்பது வெள்ளிக்கு ரெண்டு நாள் தவணை கேட்டு அந்தச் சண்டை போட்டிருக்கேன்" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "போட்டதும் சரிதான், கையில காசில்லயே" என்று சொல்லி, மிச்சத்தையும் படிக்கச் சொன்னாள்.