அம்மாயி புதைத்த டின்

2024ஆம் ஆண்டு ஆவணி மாதம் நான் பதுளைக்குப் போய் வந்தேன். உல்லாசப் பயணமல்ல. அம்மா பிறந்த லயத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது பல வருடத்து ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். இனி அவரால் மலையேற முடியாது. "நீயாவது போய்ப் பார்த்துக்கொண்டு வா. அடுப்படிப் பக்கம் மறக்காமல் பார்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அந்த அடுப்படிக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். 1977இல் தேர்தல் முடிந்த கையோடு நடந்த கலவரம் தோட்டங்களுக்கும் வந்தது. கீழ்ப் பாதையால் ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டதும், அம்மாயி ஒரு பால்மா டின்னில் சேர்த்து வைத்திருந்த சில்லறையை அடுப்புக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். (பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அம்மம்மா என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மாயிதான்.) பிறகு மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினார். இரண்டு இரவு தேயிலைக்குள். அதன்பின் அகதி முகாம், லொறி, வவுனியா, கடைசியில் கிளிநொச்சி. டின் மண்ணோடு போய்விட்டது என்பதோடு கதை முடியும். 1996 இடம்பெயர்வின்போது அக்கராயனில் அம்மாயி கண்ணை மூடினார். அதுவரை அவர் அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை.

சகோதரிகளே, இது உங்களுக்குப் புதுக் கதையாக இராது. 2009இல் நாங்களும் நகையையும் காணி உறுதியையும் பொலித்தீனில் சுற்றிப் பங்கர் ஓரத்தில் புதைத்துவிட்டுத்தான் நடந்தோம். மீள்குடியேறிப் போய்ப் பார்த்தால் அடையாளம் வைத்த பனையும் இல்லை, கிணற்றுக் கட்டும் இல்லை. எந்த இடத்தில் மண்வெட்டி போடுவது? முல்லைத்தீவில் புலிகளின் தங்கம் இருக்கிறதென்று நீதிமன்ற அனுமதியோடு இயந்திரம் கொண்டுவந்து தோண்டிய செய்திகளை வாசித்திருப்பீர்கள். எங்கள் இரண்டு சோடித் தோட்டைத் தேடி எவரும் இயந்திரம் கொண்டு வரவில்லை.

ஆனால் இயந்திரத்தை நான் அறிவேன். 2011 தொடக்கம் ஒன்பது வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தேன், பெரும்பாலும் முகமாலையில். ஹலோ ட்ரஸ்ட், மக் போன்ற நிறுவனங்கள் 2002 முதலே வடக்கில் இந்த வேலையைச் செய்து வந்தன. போர் முடிந்தபின் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் இதில் சேர்ந்தார்கள். டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் ஓட, மண்ணுக்குள் இருக்கும் உலோகம் அதற்கு மறுமொழி சொல்லும். காதில் "கூ" என்று கேட்கும். எங்கள் மெசின் உலோகம் உண்டு என்று மட்டுமே சொல்லும், என்ன உலோகம் என்று சொல்லாது. ஆகவே ஒவ்வொரு சத்தத்துக்கும் குனிந்து, பக்கவாட்டில் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். நூறு தடவை குனிந்தால் ஆணி, ரவைக் கோது, சோடா மூடி, தகரத் துண்டு. இடைக்கிடை ஒரு நாணயம் வரும். வெடியல்ல, யாரோ ஒரு அம்மாவின் முந்தானை முடிச்சிலிருந்து விழுந்த காசு என்று தெரியும்போது உடம்பு ஒரு தரம் சில்லிடும்.

எங்களுக்குப் பயிற்சி தந்த வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். தன்னுடைய நாட்டில் விடுமுறை நாளில் இதே மாதிரி மெசினோடு கடற்கரையில் சில்லறை தேடுவாராம். அங்கே அது ஒரு பொழுதுபோக்கு. அந்த மெசின்கள் செம்பா இரும்பா என்று சத்தத்திலேயே பிரித்துக் காட்டும். "இப்போது புதுக் காசு கிடைப்பதில்லை. எல்லோரும் கார்டில் காசு கொடுக்கிறார்கள். விழுவதற்குப் பொக்கற்றில் ஒன்றும் இல்லை" என்று அவர் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். வறுமையில்லாத ஊரில் பொக்கற்றில் காசு இல்லையாம்!

"உன்னுடைய மெசினை வாங்கிக்கொண்டு போ" என்று தம்பி பகிடி விட்டான். அப்படியெல்லாம் போக முடியாது. அது நிறுவனத்தின் சொத்து. தவிர, நமது நாட்டில் மெசின் வைத்து மண்ணைத் தடவுகிறவர்களைப் புதையல் தோண்டுபவர்கள் என்றுதான் பொலிஸ் பிடிக்கும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்படும் பழம்பொருள் அரசுக்கு உரியது. அனுமதியில்லாமல் அதைத் தேடித் தோண்டுவது குற்றம். பால்மா டின் பழம்பொருளா என்று பொலிஸ் நிலையத்தில் நின்று விளக்க எனக்கு விருப்பமில்லை. வெறுங்கையோடுதான் போனேன்.

கிளிநொச்சியிலிருந்து கண்டி வரை பஸ். கண்டியிலிருந்து கோச்சி. பதுளை வரை புகையிரதப் பாதை போடப்பட்டு 2024இல் நூறு வருடமாகியிருந்தது. எல்ல தாண்டியதும் வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுக்க யன்னலில் தொங்கினார்கள். எனக்குப் பிடித்தது தெமோதரை. அங்கே ஸ்டேசனைத் தாண்டிய கோச்சி மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேசனுக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைகிறது. பக்கத்தில் இருந்த கிழவர், தன் பாட்டன் காலத்துத் தோட்டத்து ஆட்களும் இந்தப் பாதைக்குக் கல் சுமந்தார்கள் என்றார்.

பதுளை டவுனில் தேத்தண்ணி குடித்த கடையில் கறுப்புக் கட்டம் போட்ட கியூஆர் அட்டை தொங்கியது. மிச்சக் காசு ஐந்து ரூபாவுக்குப் பதில் இரண்டு டொபி தந்தார்கள். 2022இல் சாமான் விலை ஏறியதிலிருந்து ஒரு ரூபா, இரண்டு ரூபாக் குற்றியை எவரும் குனிந்து எடுப்பதில்லை. பசறை பஸ்ஸில் என் காலடியிலேயே ஒன்று கிடந்தது. கொண்டக்டர் அதை மிதித்துக்கொண்டு போனார்.

தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாமென்று அங்கிருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் விடுகிறேன். பசறைப் பாதையில் இறங்கி ஒரு மணித்தியாலம் ஏற வேண்டும். எதிரே நமுனுகுல மலை. எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும் காலத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம் வரும் என்று அம்மா சொல்லியிருந்தார். காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, மண் காய்ந்து புழுதியாகக் கிடந்தது.

ஒன்பது வருடப் பழக்கம் விடவில்லை. நடக்கும்போதே எங்கே தட்டை வைத்தால் சத்தம் வரும் என்று கால் யோசிக்கிறது. பெண்கள் குளிக்கும் பீலியடி. மாரியம்மன் கோயில் வாசல். கொழுந்து நிறுக்கும் மடுவம். எல்லாவற்றுக்கும் மேலாக ஆபிஸுக்கு முன்னால் சம்பளத்துக்கு வரிசை நின்ற இடம். கோப்பிக் காலத்திலேயே இந்த நாட்டில் சில்லறைக்குத் தட்டுப்பாடு. வர்த்தகக் கம்பனிகள் தாங்களே செப்பு டோக்கன் அடித்தன. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் 1843ஆம் ஆண்டு டோக்கனைக் காசு சேர்ப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். பிறகு வந்த தேயிலைக் காலத்திலும் அரிசிக்கும் கங்காணியின் கடனுக்கும் கழித்து மிஞ்சியதுதான் தொழிலாளியின் கைக்கு வந்தது. கைக்கே வராத காசு மண்ணில் விழுவது எப்படி? இந்த மலையை முழுக்கத் தடவினாலும் பெரிதாக ஒன்றும் வராது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பிறந்தது தொங்கல் காம்பரா. கூரைத் தகரம் மாறியிருந்தது. இஸ்தோப்பை அடைத்து ஒரு அறை ஆக்கியிருந்தார்கள். இப்போது அங்கே இருப்பது முப்பது வயதுத் தங்கச்சி ஒருத்தியும் இரண்டு பிள்ளைகளும். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. கதையைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே குசினிக்குக் கூட்டிப் போனாள். அடுப்படி முழுவதும் சீமெந்து. "கொத்திப் பார்ப்போமா அக்கா?" என்று கேட்டாள். இல்லையென்றேன். அது அவளுடைய வீடு. இன்னொருவர் வீட்டுத் தரையைக் கிண்டினால் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

அவள் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். பிள்ளைகள் மரக்கறிப் பாத்தி கொத்தும்போது பொறுக்கியவை. சதுரமான ஐந்து சதம் இரண்டு, ஓரம் அலை அலையான இரண்டு சதம் ஒன்று, தேய்ந்துபோன செப்பு ஒரு சதம் ஒன்று. பச்சை பிடித்த அந்தச் செம்பில் ராசாவின் தலை அரைவாசிதான் தெரிந்தது. பிள்ளைகளுக்கு அது காசு என்றே தெரியவில்லை. "கேமுக்குப் போடுற காயா?" என்று சின்னவன் கேட்டான்.

சம்பளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் போன நாளில் நாட்சம்பளம் 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபா. அடுத்த மாதம்தான் 1,350 ஆனது. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதே 1984இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பெண்டாட்டியின் சம்பளத்தைப் புருசன் வாங்கிப் போன குடும்பங்கள் ஏராளம். பக்கத்துக் காம்பராப் பாட்டி வாசலில் இருந்தபடியே சொன்னார்: "கொழுந்து பறிக்கிறது நாங்க. கையெழுத்துப் போடறது அவுக."

"இப்ப பேங்குக்கு வருதுதானே, நல்லதுதானே?" என்றேன். தங்கச்சி கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினாள். சம்பளம் விழுந்த மெசேஜ். அடுத்த நாளே கொழும்பில் ஒரு மெசினில் காசு எடுத்த மெசேஜ். கார்ட் கணவரிடம் இருக்கிறது. "முன்ன கையில குடுக்கையில நூறு இருநூறு ஒதுக்கி அரிசி டின்னுக்குள்ள போடுவேன் அக்கா. புள்ளைக்குக் காய்ச்சல்னா அதுதான் பஸ்ஸுக்கு. இப்ப எதுல இருந்து ஒதுக்கறது? கண்ணால பாக்கறது மெசேஜ் மட்டுந்தான்."

கணக்கு அவளுடைய பெயரில்தான் இருக்கிறது. அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய் அந்தக் கார்டை நிறுத்தி வேறு கார்ட் கேட்கலாம் என்று சொன்னேன். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "கேக்கலாம். அதுக்கப்புறம் வீட்டுல யாரு பதில் சொல்றது?" என்றாள். எனக்கு விடை வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்தேன். காசு கையில் புழங்காமல் போவதைப் பற்றி அந்த வெள்ளைக்காரர் கவலைப்பட்டது கடற்கரைக்காக. இந்தப் பக்கத்தில் அது அரிசி டின்னுக்குள் நடக்கிறது.

அப்போதுதான் பாட்டி என்னைக் கிட்ட வரச் சொன்னார். கண்ணை இடுக்கி முகத்தைப் பார்த்தார்.

"நீ அவ பேத்தியா? அந்த டின்ன உங்க அம்மாயியே வந்து எடுத்துட்டுப் போனாளே!"

எனக்கு விளங்கவில்லை. கலவரத்துக்கு அடுத்த வருசம் அம்மாயி தனியாக வந்தாராம். கிளிநொச்சியில் கோச்சி ஏறி, பொல்காவலையில் மாறி. இருட்டின பிறகு இதே பாட்டி விளக்குப் பிடிக்க, அந்தக் காம்பராவுக்குப் புதிதாக வந்திருந்தவர்களிடம் சொல்லிவிட்டு அடுப்புக்குப் பின்னால் தோண்டினாராம். டின் துருப்பிடித்து அடி கழன்றிருந்தது. காசு அப்படியே இருந்தது. சீலைத் தலைப்பில் கொட்டிக் கட்டிக்கொண்டு, விடியமுன்னரே இறங்கிப் போய்விட்டார்.

"தாத்தாவுக்குச் சொல்லலையா?"

"சொன்னா மிஞ்சுமா? கள்ளுக்கடைக்குப் போயிரும். என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுத்தான் போனா. இப்ப ரெண்டு பேருமே இல்லையே, அதான் சொல்றேன்."

திரும்பும்போது தங்கச்சி அந்த அலையோர இரண்டு சதத்தை என் கையில் வைத்தாள். வேண்டாமென்றேன், விடவில்லை.

கோச்சி அப்புத்தளை வந்தபோதுதான் தொலைபேசிக்குத் தொடர்பு கிடைத்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

"சித்தி மகளின் சடங்குக்கு என்றுதான் போனா" என்றார் அம்மா. "நாலு நாள். அப்பா பேசிக்கொண்டே இருந்தார். வந்த கிழமையே இரண்டு ஆடு வாங்கினா. சித்தி தந்த காசு என்றா. அந்த ஆட்டுப் பாலில்தான் நான் கொப்பி வாங்கினேன்."

பிறகு கேட்டார்:

"டின்னில் எவ்வளவு இருந்ததாம்?"

கேட்க மறந்துவிட்டேன். கோச்சி ஒகியாவை நோக்கிக் கிளம்பிவிட்டது. "பாட்டியிடம் போன் இருக்கிறதா? அந்தப் பிள்ளையின் நம்பரையாவது வாங்கினாயா?" என்று அம்மா விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சியின் நம்பர் என்னிடம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். "பாட்டிக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் அவள். "நூத்தி அறுபத்தி மூணு ரூவா. எண்ணினது அவங்கதானாம்."