பூட்டு ஊரில் ஒரு நிலைவாசல்: மரத்தின் ரேகை சொல்லும் உண்மை!

திண்டுக்கல் என்றதும் பூட்டுதான் நினைவுக்கு வரும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமைக்குரிய பூட்டு. ஆனால், பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதைத் தாங்குகிற கதவு உளுத்துப்போனால் என்ன பயன்?

இந்தக் கேள்வியோடுதான் வடமதுரைப் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண், திண்டுக்கல்லில் உள்ள ஆசாரி பட்டறைக்கு வந்திருந்தார். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஊரில் வீடு பாதி எழும்பி நிற்கிறது. அடுத்து வைக்க வேண்டியது நிலைவாசல். மஞ்சள் பையிலிருந்து சாண் நீளத்துக்கு ஒரு மரத்துண்டை எடுத்து நீட்டினார்.

"தேக்குன்னு சொல்லிக் குடுத்தாங்கய்யா. நாளைக்கு முன்பணம் கட்டணும். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

அறுபதைத் தாண்டிய ஆசாரி, துண்டின் நிறத்தைப் பார்க்கவே இல்லை.

"நெறத்த நம்பாத தாயி. நெறம் இப்போ டப்பாவுலயே விக்கிது. வெட்டுவாயப் பாப்போம்" என்றபடி உளியைத் தீட்ட ஆரம்பித்தார்.

வெட்டுவாயில் இருக்கிறது ஜாதகம்

மரத்தைக் குறுக்கே அறுத்தால் கிடைக்கும் முகப்புதான் வெட்டுவாய். ரம்பம் பட்ட இடம் சொரசொரப்பாக இருப்பதால் அதில் எதுவும் தெரியாது. கூர்மையான உளியாலோ பிளேடாலோ ஓரிடத்தை மழமழவென்று சீவி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். அப்போது மரத்தின் துளைகள் தெளிவாகத் தெரியும். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய குழாய்கள்தான் அந்தத் துளைகள். அவற்றின் அளவும் அவை அமைந்திருக்கும் விதமும் மரத்துக்கு மரம் வேறுபடும்.

தேக்கு கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, மழைக்குத் துளிர்க்கும். துளிர்க்கும் நேரத்தில் அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். அதனால் அப்போது பெரிய பெரிய துளைகள் உருவாகும். பிறகு அவை சிறுத்துவிடும். ஆகவே தேக்கின் வெட்டுவாயில் வளையத்துக்கு வளையம் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். வெறும் கண்ணுக்கே தெரியும். தொட்டால் லேசாக எண்ணெய்ப் பசை இருக்கும். சீவினால் பழைய தோல் வாடை வரும்.

அந்தப் பெண் கொண்டுவந்த துண்டில் துளைகள் இருந்தன. ஆனால், எல்லாம் ஒரே அளவில், இறைத்துவிட்ட கேழ்வரகு போலச் சிதறிக் கிடந்தன. வளையம் இல்லை, எண்ணெய்ப் பசையும் இல்லை. மேலே தெரிந்த தேக்கு நிறம், ஒரு சீவலோடு போய்விட்டது. உள்ளே வெளிறிய வேறு மரம்.

"இது நல்ல மரமாக்கூட இருக்கலாம் தாயி. ஆனா தேக்கு இல்ல. தேக்கு வெல குடுத்து இத வாங்காத."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கணவர் மாதாமாதம் அனுப்பிய பணம் ஆயிற்றே!

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு மரப் பாடம்

திண்டுக்கல் மலைக்கோட்டை மேலேறிப் பார்த்தால், ஒரு பக்கம் சிறுமலை, தூரத்தில் மேற்கே கொடைக்கானல் மலை, நடுவில் காய்ந்த சமவெளி. அந்தச் சமவெளியின் மரங்களுக்கும் இப்படி அடையாளங்கள் உண்டு.

புளி: வெளிப்பக்கம் வெளிர் மஞ்சள். நடுவில் மட்டும் கருஞ்சிவப்பாக வைரம். கறிக்கடை அடிக்கட்டைக்குப் பெரும்பாலும் இதுதான்.

வாகை: துளைகள் பெரியவை. ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர் நிறத்தில் ஒளிவட்டம் போலத் தெரியும். வைரம் கரும்பழுப்பு. மரச்செக்குக்குப் பேர்போனது.

கருவேலம்: கெட்டியான, கனமான மரம். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு ஆசாரிகள் தேடிய மரம் இது.

வேங்கை: வைரத்தின் தூளைத் தண்ணீரில் ஊறவைத்து வெளிச்சத்தில் பிடித்தால், தண்ணீர் நீலம் பாய்ந்து மினுங்கும்.

வேம்பு: சிவந்த பழுப்பு நிறம். துளைகள் சிலவற்றில் செந்நிறப் பிசின் அடைத்திருக்கும். மகோகனியும் வேம்பும் ஒரே குடும்பம் என்பதால் பார்வைக்குப் பங்காளிகள் போல இருக்கும்.

பனை: வளையமே கிடையாது. வெளிர் நிறத்தில் கறுப்பு நார்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். மற்ற மரங்களுக்கு உறுதி உள்ளே, பனைக்கு உறுதி வெளியே!

இந்தக் கடைசி வித்தியாசத்தைத் தொல்காப்பியத்தின் மரபியலே சொல்லியிருக்கிறது. உள்ளே வைரம் உள்ளது அகக்காழ், அது மரம். வெளியே வைரம் உள்ளது புறக்காழ், அது புல். பனையும் தென்னையும் புல்லுக்கு நெருங்கிய உறவு என்று இன்றைய தாவரவியலும் சொல்கிறது.

ஜே.எஸ். கேம்பிள் என்ற வன அதிகாரி 1881-ல் வெளியிட்ட இந்திய மரங்கள் பற்றிய நூலில், ஒவ்வொரு மரத்தின் துளைகளையும் விவரித்திருக்கிறார். மரத்துண்டுகளை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள், பழநி, பொள்ளாச்சி வழியாக ரயிலேறிக் கோவைக்குப் போகலாம். அங்கே 1902-ல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது.

நீங்களும் பார்க்கலாம்

மரம் வாங்கப் போகும்போது ஒரு புது பிளேடு, சின்னத் தண்ணீர் பாட்டில், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் போதும். லென்ஸ் இல்லையென்றால், சீவி நனைத்த இடத்தை செல்போன் கேமராவில் கிட்டத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பாலிஷ் போட்ட மரத்தை மட்டும் காட்டினால், பாலிஷ் போடாத துண்டைக் கேளுங்கள். ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளை அதிகம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பூச்சி முதலில் கை வைப்பது அங்கேதான்.

கண்ணும் லென்ஸும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. நெருங்கிய உறவுள்ள மரங்களைப் பிரிக்க மைக்ரோஸ்கோப் வேண்டும். பெரிய தொகைக்கு வாங்குகிறவர்கள், பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம்.

வீட்டிலேயே இருந்த மரம்

பட்டறையில் அந்தப் பெண் கிளம்ப எழுந்தார். ஆசாரி கேட்டார்.

"வீட்டுப் பக்கம் மரம் எதுவும் இல்லையா தாயி?"

"மாமனார் வெச்ச வேம்பு ஒண்ணு இருந்துச்சுய்யா. போன வருசம் காத்துல சாஞ்சிருச்சு. வெறகுக்குன்னு அறுத்துப் போட்டிருக்கோம். அடிமரம் அப்படியே கெடக்கு."

"அடிமரம் எம்புட்டு மொத்தம்?"

அந்தப் பெண் இரண்டு கைகளையும் வளைத்துக் காட்டினார். ஆசாரியின் முகம் மலர்ந்தது.

"அத ஏன் வெறகாக்குற? ஒரு துண்டு அறுத்துக் கொண்டா. வெட்டுவாயப் பாத்து, வைரம் போதுமான்னு சொல்றேன். நல்லாக் காஞ்சிருந்தா உன் நிலை அதுலயே நிக்கும்."

முன்பணத்துக்காக முடிந்து வைத்திருந்த பணம் முந்தானையிலேயே இருந்தது. அந்தப் பெண் வாசலுக்குப் போய், கணவருக்குப் போன் போட்டார்.

"ஏங்க, தேக்கு வேணாங்க. மாமா வெச்ச மரத்துலயே நிலை வெச்சிருவோம்."