நிறையும் நிறைவும்

உடலின் நிறையைத் துலாக்கோல் அளந்து காட்டும். வாழ்வின் நிறைவை எக்கோல் கொண்டு அளப்பது? உடற்பருமனைக் குறைக்கும் சத்திர சிகிச்சையைப் பற்றி எண்ணுங்கால் இவ்வினாவே எம்முன் எழுகின்றது.

1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள அயோவா சர்வகலாசாலையில் மேசன் என்னும் வைத்தியர், இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதனைச் சிறுகுடலோடு இணைக்கும் முறையைக் கையாண்டார். அதன் வழிவந்த சிகிச்சைகளால் மிக்க பருமனுடையார் பலர் எடை குறைந்துளர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் தணியப் பெற்றோரும் உளர்.

எம் பெரியம்மையார் ஒருவர் இச்சிகிச்சை செய்துகொண்டார். காண வந்தோர் அனைவரும், "எத்தனை கிலோ குறைந்தது?" என்றே வினவினர். அம்மையாரோ, "தரையில் உட்கார்ந்து பிறர் கைகொடாமல் எழுகிறேன்; அது பெரிய காரியம். கலியாணப் பந்தியில் உட்காரத்தான் கூச்சமாயிருக்கிறது. நாலு வாய்க்குமேல் இறங்குவதில்லை, பரிமாறுகிறவர்கள் மனம் நோகிறது" என்றார். வரவும் செலவும் அச்சொற்களில் அடங்கின. துலாக்கோல் இரண்டனையும் அறியாது.

இக்குறையை நீக்கும் பொருட்டு, 1998-ஆம் ஆண்டில் ஓரியா, மூர்ஹெட் என்னும் இருவர் 'பேரோஸ்' என்னும் மதிப்பீட்டு முறையை வெளியிட்டனர். எடைக்குறைவு, உடனிருந்த நோய்களின் தணிவு, வாழ்க்கை நலம் ஆகிய மூன்றனையும் கூட்டி, சிகிச்சையால் நேர்ந்த தீங்குகளுக்கு மதிப்பெண் கழிப்பது அம்முறை. வாழ்க்கை நலத்திற்குரிய வினாத்தாள் 2003-இல் திருத்தப் பெற்றது. தன்மதிப்பு, உடலியக்கம், பிறருடன் பழகுதல், தொழில், இல்லறவின்பம், உணவின்பாலுள்ள மனப்போக்கு என வினாக்கள் ஆறு. மொத்த மதிப்பு, குறை மூன்று முதல் மிகை மூன்று வரை செல்லும். விடையளிப்பவர் நோயாளரே, வைத்தியர் அல்லர். இதுவே இவ்வளவையின் சிறப்பு. எனினும், பந்தியிலுண்டாகும் கூச்சம், பழகுதலென்னும் வினாவிற் பாதியும் உணவென்னும் வினாவிற் பாதியுமாகப் பிளவுறும். எந்நாட்டாரை வினவினும் அந்நாட்டு வழக்கறிந்து வினவுதல் வேண்டும் என்பது எம் துணிபு.

இனி, எப்பொழுது வினவுவது? சுவீடன் தேசத்தில் 1987-இல் தொடங்கிய பேராராய்ச்சி இதற்கு விடை தருகின்றது. 2007-இல் வெளியான அதன் பத்தாண்டுக் கணக்கின்படி, சிகிச்சை பெற்றாரது வாழ்க்கை நலம் முதலாண்டில் உச்சமுற்றது. எடை சிறிது மீளவே, ஆறாம் ஆண்டு வரை படிப்படியாய்த் தாழ்ந்து, பின்னர் நிலைபெற்றது. பத்தாண்டிறுதியிலும் தம் உடல்நலம் குறித்த எண்ணத்திலும் பிறருடன் பழகுதலிலும் அவர் சத்திர சிகிச்சை பெறாதாரினும் மேம்பட்டே விளங்கினர். மனக்கவலையிலோ இருசாராரிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே முதலாண்டில் மாத்திரம் வினவி அமைவோர், வளர்பிறையைக் கண்டு தேய்பிறையை மறந்தவராவர்.

மாணவ நண்பர்காள்! உங்களுட் சிலர் நாளை வைத்தியராவீர். துலாக்கோலைக் கைவிடற்க, அதன் முள் நின்ற பின்னரும், "எவ்வாறு வாழ்கின்றீர்?" என ஆண்டுதோறும் வினவி, விடை முடியுமளவும் செவிசாய்த்திருப்பீராக.