"நெஞ்சுவலிண்ணு சொன்னா போதும் மக்ளே!" - கணக்கில் வராத போதை மரணங்கள்

கருங்கல்லில் வீட்டு மாடியில் உட்கார்ந்து அவர் பார்க்கும் வேலையை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர்ல என்னமோ கணக்கு பாக்கா" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வார். புள்ளியியல் படித்த அந்த 28 வயதுப் பெண் பார்ப்பது மரணக் கணக்கு. மருத்துவர்கள் எழுதிய மரணக் காரணங்களை வாசித்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 பட்டியலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு போட வேண்டும். ஹெராயின் போன்ற போதைப்பொருள் தவறுதலாக அளவு மீறி உயிர் போனால் எக்ஸ்42. இரண்டு வருடங்களில் அதை அவர் போட்டது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

நம் நாட்டில் யாரும் அப்படிச் சாவதில்லையா?

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022-ல் போதை அளவு மீறி இறந்தவர்கள் என்று பதிவு செய்தது, நாடு முழுக்க 681 பேரை. அதே ஆண்டு அமெரிக்காவில் 1 லட்சத்து 7 ஆயிரத்துக்கும் மேல். அங்கே ஃபென்டனில் என்ற பயங்கரம் புழங்குகிறது, உண்மைதான். ஆனால் டெல்லி எய்ம்ஸ் மத்திய அரசுக்காக நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சுமார் 2.26 கோடி பேர் அபின், ஹெராயின், அதே வகை வலி மாத்திரைகளைப் பயன்படுத்துவதாகச் சொன்னது. இத்தனை கோடிப் பேரில் 681 மட்டும்தானா?

மீதி எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியும். இந்த வகை போதை அளவு மீறினால் முதலில் ஆழ்ந்த தூக்கம்போல இருக்கும். மூச்சு மெதுவாகி நிற்கும், பிறகு இதயமும் நிற்கும். சான்றிதழில் 'இதயம் நின்றது' என்று எழுதினால் அது பொய்யல்ல. எந்தச் சாவில்தான் இதயம் நிற்காமல் இருக்கிறது? இப்படி எதையும் சொல்லாத காரணங்களுக்கு இந்தத் துறையில் 'குப்பைக் குறியீடு' என்றே பெயர். அதுவாவது சான்றிதழ் இருக்கும் சாவு. 2020-ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தவை 22.5 சதவிகிதம்தான்.

போன மழைக்காலத்தில் அவருடைய மாமா இறந்தார். விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர். முதுகுவலிக்கு வாங்கத் தொடங்கிய மாத்திரை அவரை விடவில்லை. ஒரு மாதம் மறுவாழ்வு மையத்தில் இருந்து, முகம் தெளிந்து திரும்பியிருந்தார். மூன்றாவது வாரம், ஒரு ராத்திரி, பழைய அளவையே எடுத்திருக்கிறார். காலையில் எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்து கிடந்தது.

போலீஸ், பிரேதப் பரிசோதனை என்று யாரோ பேச்செடுத்ததும் பாட்டி இவரைத்தான் திரும்பிப் பார்த்தார். "நெஞ்சுவலிண்ணு சொன்னா போதும் மக்ளே. வீட்ல ஒரு பிள்ளைய கெட்டிக் குடுக்காண்டாமா?"

மாமாவின் மூத்த மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி கேட்டதில் என்ன தப்பு? பதிவேட்டில் நெஞ்சுவலி என்றே ஏறியது.

ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு இன்னொன்றும் அழிந்துபோனது. சில வாரம் போதையை நிறுத்தினால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். நேற்றுவரை தாங்கிய அளவே இன்று ஆளைக் கொல்லும். மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்று வெளிநாடுகள் கண்டுபிடித்தது, இப்படிப்பட்ட சாவுகளைச் சரியாக எழுதிவைத்ததால்தான். இங்கே மாமாவைப்போல எத்தனை பேர்?

மறைப்பது வீடுகள் மட்டுமல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது, கள்ளச்சாராயம் காரணமில்லை என்றுதான் மாவட்ட நிர்வாகம் சொன்னது. பிறகு மெத்தனால் உறுதியானது. போன உயிர்கள் 60-க்கும் மேல். மெத்தனால் விஷத்துக்கு மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் வந்து சேர்ந்தால். அங்கே 'காரணம் இதுதான்' என்று சொல்லத் தாமதமான ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவருடையது.

ஓபியம் வகை போதைக்கும் நலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் 2023-லிருந்து மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக, சீட்டில்லாமலே வாங்க அனுமதி. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

அடுத்த தெருப் பையன் ஒருவன் போன வாரம் மையத்திலிருந்து வந்திருக்கிறான். சாயங்காலம் அவர் அவன் அம்மாவைத் தேடிப் போனார். மாமா எப்படிச் செத்தார் என்பதை வீட்டுக்கு வெளியே முதல்முறையாகச் சொன்னார். அவன் தூக்கத்தில் வினோதமாகக் குறட்டை விட்டாலோ, உதடு நீலமானாலோ, தட்டியும் எழவில்லை என்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடச் சொன்னார். மத்திய அரசின் போதை மறுவாழ்வு உதவி எண் 14446-ஐயும் அந்த அம்மாவின் போனில் தானே பதிந்து கொடுத்தார். என்ன பெயர் போட என்று கேட்டதற்கு, "கேஸ் கம்பெனிண்ணு போடு பிள்ளே" என்றார் அந்த அம்மா.