மேரியோவும் நானும்

சகோதரிகளே, சொன்னால் சிரிப்பீர்கள்! மீசைக்காரக் குழாய் ரிப்பேர்க்காரன் ஒருவன் என் வீட்டுப் பாலைப் பொங்கவிட்ட கதை இது.

1996 கோடை விடுமுறை. சேலம் அம்மாபேட்டையில் குடியிருந்தோம். எதிர்வீட்டுத் தறிச் சத்தம்கூடக் காதில் விழாமல், மாமா வாங்கித் தந்த டி.வி. கேமில் மூழ்கிக் கிடந்தான் என் பிள்ளை. சாப்பிடக் கூப்பிட்டு அலுத்து, ஒரு நாள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பெட்டி பரணுக்குப் போயிற்று. பையன் அழவில்லை, இரண்டு நாள் என்னோடு பேசவுமில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்? அவன் வெளியே போன சமயம், பெட்டியை இறக்கி ஒயரைச் சொருகினேன். வந்தான் மேரியோ! 1985-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனியில் ஷிகெரு மியாமோட்டோ என்பவர் உருவாக்கிய விளையாட்டு. எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம். ஏழு கோட்டைகளை ஜெயித்தாலும் ராஜகுமாரி கிடைக்கமாட்டாள், எட்டாவதில்தான் இருக்கிறாள். நானோ முதல் காளான் பூதத்திடமே மூன்று உயிரையும் விட்டேன்! அடுப்பில் பாலும் பொங்கிற்று.

"அம்மா, அது தலைமேலே குதிக்கணும்!"

பின்னால் பிள்ளை நின்றிருந்தான். இரண்டு நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை!

அன்று முதல், பாத்திரம் கழுவியபின் அரைமணி எங்கள் இருவருக்கும். எட்டாவது கோட்டையை அவன்தான் பிடித்தான், நான் கைதட்டினேன்.

இன்று பேரன் செல்போனும் கையுமாக இருக்கிறான். மகன் கையை ஓங்கும்போதெல்லாம், "பக்கத்தில் உட்கார்ந்து பாரேன்டா" என்று குறுக்கே போகிறேன். அன்றைய அடிக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்படியாவது வட்டி கட்டுகிறேன்!